இடப்பக்கத்து அடிமூட்டு

விட்பி
11 பிப்ரவரி 1984

திரு. வில்ஃப் சக்டன் அவர்களுக்கு,

முன்பெல்லாம் மாமனார் என்று பாராமல் "அப்பா" என்று தொடங்குவேன். எட்டு மாதமாக அந்த உரிமை எனக்கு உண்டா இல்லையா என்று தெரியாததால் இப்படி. பிடிக்கவில்லை என்றால் மேல் வரியை அடித்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

இதோடு ஒரு பிஸ்கட் டின் வரும். கனமாக இருக்கும். பேட்லி பிரிட்ஜ் பக்கத்துப் பழைய இரும்புக்காரர் எனக்கு அனுப்பியது. கீத்தின் மைனர் காரை நசுக்குவதற்கு முன்னால் அதன் முன்பக்கத்தில் கழன்று தொங்கியவற்றை எடுத்து வைத்தாராம். போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செவுத்துல மோதி ஒடைஞ்ச மாதிரி எனக்குத் தெரியலம்மா. வெவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டுங்க."

விவரம் தெரிந்தவர் என்று எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஆள்தான். நாற்பது வருடம் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்தவர். அந்தக் காரை மகன் கீத்தோடு சேர்ந்து தரையிலிருந்து எழுப்பியவர். வேறு யாரிடம் போவேன்?

அன்றைக்குச் சொன்னதையே மறுபடியும் சொல்கிறேன். பழைய கார் கண்காட்சியிலிருந்து திரும்பும்போது கீத் இரண்டு பைண்ட் பீர் குடித்திருந்ததால் சாவியை என்னிடம் கொடுத்தான். இறக்கத்து வளைவில் கார் இடப்பக்கமாகக் குனிந்தது. நான் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். கை திரும்பியது, கார் திரும்பவில்லை. அவன் உட்கார்ந்திருந்த பக்கம் கல்மதிலில் போய் விழுந்தது. இதைப் போலீஸிடம் சொன்னேன், விசாரணையில் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். கல்லறையில் உங்கள் மனைவி எனிட் எல்லோர் முன்னாலும், "என் புள்ளையக் கொன்னுட்டு நிக்கிறியே" என்றார். நீங்கள் அவர் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தீர்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். டின்னில் இருப்பது மோதியதால் போனதா, போனதால் மோதியதா?

மொய்ரா


ஓட்லி
19 பிப்ரவரி 1984

மொய்ரா,

டின் வந்தது. இனிமேல் உறையின் மேல் முகவரியை டைப் அடித்து அனுப்பு. தபால் கதவில் விழுந்ததும் எனிட்தான் எடுப்பாள். உன் கையெழுத்தைப் பார்த்தால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடமாட்டாள். இதயத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

டின்னில் மூன்று சாமான். ஒன்று டைராடு முனை. சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைப்பது. ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, ஆனால் உள்ளே பந்து இறுக்கமாக இருக்கிறது, ஆடவில்லை. அதில் குற்றமில்லை. இரண்டாவது நம்முடையதே இல்லை, ஏதோ டிராக்டருடையது. அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியிருக்கிறான்.

மூன்றாவது கிங்பின். அடியில் அதோடு ஒட்டிக் கிடப்பதை நாங்கள் அடிமூட்டு என்போம். முன்சக்கரம் இந்தப் பின்னோடுதான் திரும்பும். பின் அடிமூட்டுக்குள் மரையில் திருகி நிற்கும். ஒரு பக்கத்து மரை வலம்புரி, மறுபக்கத்து மரை இடம்புரி. இது இடம்புரி. ஆக இடப்பக்கம், கீத் உட்கார்ந்திருந்த பக்கம்.

உன் கேள்விக்குப் பதில்: மோதியதால் போனது.

டெஸ்ஸா எந்த வகுப்பு இப்போது?

வில்ஃப் சக்டன்


விட்பி
27 பிப்ரவரி 1984

திரு. சக்டன்,

நன்றி. டெஸ்ஸா மூன்றாம் வகுப்பு. முன்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டன. நீங்கள் பார்க்காத பல்.

மோதியதால் போனது என்றால் மோதவிட்டது நான். சரி. நீங்கள் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். இத்தனை நாளும் என் கை என்ன உணர்ந்தது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இனிமேல் அதையும் விட்டுவிடுகிறேன்.

அந்த நாளுக்குப் பிறகு நான் கார் ஓட்டவில்லை. வீடு வீடாகப் போகும் நர்ஸ் வேலை, ஓட்டாமல் எப்படி நடக்கும்? இங்கே அக்கா வீட்டில் இருந்துகொண்டு பஸ்ஸில் போய் கட்டுப் போட்டுவிட்டு வருகிறேன். மூர்லாண்ட் மேட்டுவெளியில் தனியாகக் கிடக்கும் கிழவர்களிடம் பஸ் போவதில்லை. மேலதிகாரி ரொம்பப் பொறுத்துப் பார்த்தார். உங்கள் பதிலுக்காகத்தான் நானும் பொறுத்தேன். வியாழக்கிழமை ராஜினாமாவைக் கொடுக்கிறேன்.

டெஸ்ஸாவிடமும் சொல்லிவிட்டேன். போன வாரம் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, நீ அன்னைக்குத் தூங்கிட்டியா?" என்று கேட்டாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதற்குமுன் கேட்டபோதெல்லாம் "கார் கெட்டுப்போச்சு கண்ணு" என்பேன். இந்த முறை, "அம்மா சரியா ஓட்டல" என்றேன். அப்புறம் பெரியம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அந்த இரும்பை என்ன செய்யலாம் என்று தோன்றுகிறதோ செய்யுங்கள். எனக்கு வேண்டாம். கீத்தின் கல்லறைக் கல்லில் "எனிட், வில்ஃப் ஆகியோரின் அன்பு மகன், டெஸ்ஸாவின் தந்தை" என்று பொறித்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கணவன் என்ற சொல்லுக்கு இடமில்லாமல் போயிருக்கும். இப்போது அதற்கும் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

மொய்ரா


ஓட்லி
4 மார்ச் 1984

மொய்ரா,

நான் போன கடிதத்தில் எழுதியது பொய். போனதால்தான் மோதியது. உன் கை உணர்ந்தது சரி.

டின்னைத் திறந்து ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. சுவரில் அடிபட்டு உடைந்திருந்தால் பின் வளைந்திருக்கும், முறிந்த இடம் பளபளவென்று இருக்கும். இது நேராக நிற்கிறது. உள்ளே மரையே இல்லை. தேய்ந்து, கத்தி விளிம்பாகி, கடைசியில் பின் மூட்டைவிட்டு உருவிக்கொண்டு வந்துவிட்டது. பின் உருவினால் சக்கரம் உள்ளே மடங்கிப் படுத்துவிடும். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கை யார் பிடித்திருந்தாலும் ஒன்றுதான். நான் பிடித்திருந்தாலும்.

ஏன் தேய்ந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். கார் தரையில் நிற்கும்போது அதன் கனத்தில் பின்னின் ஒரு பக்கம் மூட்டின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். அப்போது கிரீஸ் அடித்தால், இடம் இருக்கிற பக்கமாகப் போய் வெளியே எட்டிப் பார்க்கும். அடிக்கிறவன் நிரம்பிவிட்டது என்று நினைத்து அடுத்த கிரீஸ் நிப்பிளுக்குப் போய்விடுவான். அழுந்திய பக்கத்துக்கு ஒரு துளியும் போயிருக்காது. அதனால்தான் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கிய பிறகே அடிக்க வேண்டும். மைனர் வைத்திருக்கிற எவனுக்கும் இது தெரியும். நீ அனுப்பிய பின்னில் ஒரு பக்கம் புதுக் கிரீஸ் வெண்ணெய் மாதிரி இருக்கிறது. மறுபக்கம் செம்பழுப்புத் தூள்.

அப்படி அடித்தது நான். மே மாதக் கடைசியில், ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, கீத் இல்லாத நேரத்தில் உங்கள் வீட்டுக்கு வந்து அடித்தேன். தையல் இருந்ததால் ஜாக்கி தூக்க முடியவில்லை. வெளியே வந்த கிரீஸைத் துடைத்துவிட்டுப் போய்விட்டேன்.

ராஜினாமாவைத் திரும்ப வாங்கு. குழந்தையிடம் தாத்தா செய்த தப்பு என்று சொல். வீட்டிலும் சொல்லிவிடுகிறேன்.

வில்ஃப்


விட்பி
9 மார்ச் 1984
(உங்களுக்கு இது செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும், இங்கே தபால் அப்படி)

அப்பா,

அப்பா என்று எழுதியிருப்பதால் கோபம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அக்காவின் சமையலறையில் ஒரு தட்டைப் போட்டு உடைத்தேன். இரண்டு வாரம். உங்கள் ஒரு வரியை நம்பி என் குழந்தையின் முகத்தைப் பார்த்து நான்தான் என்று சொன்னேன். ஒரு நிமிடத்தில் தெரிந்ததாம். தெரிந்த கையோடு எழுதுவதற்கென்ன?

ராஜினாமாவைத் திரும்ப வாங்கப் போனேன். மேலதிகாரி டிராயரிலிருந்து எடுத்து நீட்டினார். "நான் இன்னும் பிரிக்கவே இல்ல" என்றார். அந்த மனுஷிக்கு இருந்த நம்பிக்கை என் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மறுபடியும் பொய் சொல்கிறீர்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு தினமும் வந்து உங்களுக்குக் கட்டு மாற்றியது யார்? நான். ஷூ கயிறு கட்டக் குனிய முடியாத மனிதர், இரண்டு மைல் நடந்து வந்து காருக்கு அடியில் படுத்தீர்களா? அதோடு அதற்கு முந்தின கிறிஸ்துமஸ் அன்றைக்கு உங்கள் இருவருக்கும் நடந்த சண்டையில் நானும் மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். "நான் ஒண்ணும் உங்க டிப்போ எடுபிடி இல்லப்பா. என் கார நானே பாத்துக்கறேன்" என்றான். அதிலிருந்து நீங்கள் அந்தக் காரைத் தொட்டதே இல்லை.

மே பதினெட்டாம் தேதி, புதன்கிழமை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். நான் வேலை முடிந்து வந்தபோது கார் முற்றத்தில் நாலு சக்கரத்திலும் நின்றது, கீத்தின் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. "தேநீர் வேணுமா?" என்றேன். "கை பூரா கிரீஸு, அப்புறம்" என்றான். டெஸ்ஸாவைக் குளிப்பாட்ட உள்ளே போய்விட்டேன். அந்த நாலு சக்கரத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

ஆக, செய்தது கீத். இதை எழுதவே கை வரவில்லை. ஒன்பது மாதமாக என்னைத் திட்டிக்கொண்டே அழுதேன். இப்போது அவனைத் திட்டிக்கொண்டு அழுகிறேன், அது இன்னும் மோசமாக இருக்கிறது.

நாம் நேரில் பேசும்வரை எனிட்டிடம் எதையும் சொல்லாதீர்கள்.

மொய்ரா


ஓட்லி
14 மார்ச் 1984

மொய்ரா கண்ணு,

உன் கடிதம் நேற்று வந்தது. எனிட்டிடம் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன்.

சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவள் உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். "எனிட், மொய்ரா மேல தப்பில்ல. நான்தான்" என்றேன். மரை, தேய்மானம் எல்லாம் அவளுக்கு எதற்கென்று சுருக்கமாகவே சொன்னேன். "மே மாசம் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஜாக்கி வைக்காம கிரீஸ் அடிச்சிட்டேன். அதுலயே போயிடுச்சு." ஜாக்கி எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. தன் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அன்று மாலை அவள் துணியெல்லாம் கீத்தின் பழைய அறைக்குப் போய்விட்டது.

இன்றோடு நாலு நாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், ஆனால் அவள் வாயை மூடிப் பார்த்ததில்லை.

நீ சொல்வது சரிதான். செய்தது அவன். எனக்கும் தெரியும். ஆனால் நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. போன வருடம் பிப்ரவரியில் உங்கள் சந்து வழியாகப் போனேன். முற்றத்தில் கீத் ஜாக்கி இல்லாமல் கிரீஸ் கன்னோடு அடியில் கிடந்தான். கூப்பிட்டுச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் மறுபடியும் எடுபிடி, டிப்போ என்பான். சமாதானமாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்துவிட்டேன். வேலி ஓரமாக நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

விசாரணையில் நான் வாய் திறக்காததும் இதனால்தான். உனக்கு முதலில் பொய் எழுதியதும் இதனால்தான். அவன் பெயரைக் காப்பாற்ற உன் பெயரைக் கொடுத்தேன். அதற்கு நான் என்ன மன்னிப்புக் கேட்பது?

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனிட்டிடம் உண்மையைச் சொல்லாதே. அவளுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். என்னைத் திட்டட்டும். அவள் பிள்ளை தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டான் என்று நான் அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அப்பா


விட்பி
28 மார்ச் 1984

அப்பா,

எனிட்டிடமிருந்து கடிதம் வந்தது. நாலு வரி. "உனக்கு நான் செய்தது அநியாயம். ஈஸ்டருக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. கல்லில் உன் பெயரையும் போடச் சொல்லிவிட்டேன். அவர் மேசைக்கு வரமாட்டார்."

இதைத்தானே இத்தனை மாதமாக வேண்டிக்கொண்டிருந்தேன். வந்ததும் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷமே இல்லை. உங்கள் நாற்காலியைக் காலி செய்துவிட்டு அதில் என்னை உட்காரச் சொல்கிறார்.

எனக்கு இது பிடிக்கவில்லை. நோயாளிகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். அவர் பலவீனமானவர் இல்லை, அப்பா. கீத் என்று சொன்னாலும் தாங்குவார். நான் பக்குவமாகச் சொல்கிறேன். சரி என்று ஒரு வரி எழுதுங்கள்.

திங்கட்கிழமை மேலதிகாரியின் காரில் துறைமுகம் வரை ஓட்டினேன். இறங்கி வாந்தி எடுத்தேன். ஆனாலும் ஓட்டினேன்.

மொய்ரா


ஓட்லி
2 ஏப்ரல் 1984

மொய்ரா,

வேண்டாம். வா, சாப்பிடு, குழந்தையை அவள் மடியில் உட்காரவை. நான் ஷெட்டில் இருந்துகொள்கிறேன், அங்கே அடுப்பு இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை.

அவள் படியேறும்போது மூச்சு வாங்குகிறது. கதவுக்கு வெளியே நின்று கேட்கிறேன். டாக்டரிடம் போகலாம் என்று ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்தேன். மறுநாள் அந்தத் தாளின் பின்பக்கத்தில் மளிகைப் பட்டியல் எழுதி என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சொல்லாதே. இது நான் உன்னிடம் கேட்கிற கடைசி விஷயம்.

அப்பா


விட்பி
25 ஏப்ரல் 1984

அப்பா,

சொல்லவில்லை. உங்களுக்காக.

டெஸ்ஸா உங்களிடம் ஈஸ்டர் முட்டையைக் கொண்டுவந்து கொடுத்ததைச் சமையலறை ஜன்னலிலிருந்து எனிட்டும் நானும் பார்த்தோம். நீங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, அதைத் தொப்பியில் வாங்கிக்கொண்டீர்கள். "அவருக்குக் கறி கொஞ்சம் கூட வெச்சிருக்கலாம்" என்றார் எனிட். "கொண்டுபோய்க் கொடுக்கட்டுமா?" என்றேன். தலையை ஆட்டினார், வேண்டாமென்று.

பாத்திரம் கழுவும்போது கேட்டார்: "மொய்ரா, அந்த ஜாக்கி வெக்க எவ்ளோ நேரம் ஆகும்?"

"ரெண்டு பக்கமும் சேத்து பத்து நிமிஷம் ஆகும். ஏன்?"

"சும்மாதான்" என்றார். துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். உங்கள் மேல் இருக்கிற கோபம் என்று நினைத்தேன்.

உதடு நீலமாக இருக்கிறது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. நர்ஸாகச் சொல்கிறேன், இனியும் தள்ளிப்போட வேண்டாம். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார் என்பதால் நானே டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன்.

மொய்ரா


விட்பி
21 மே 1984

அப்பா,

எனிட்டின் அடக்கத்தன்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேனே தவிர, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சுற்றிலும் ஆட்கள். நேரில் சொல்லும் தைரியமும் இல்லை. அதனால் எழுதுகிறேன். கல்லறையில் எல்லோரும் என்னைத் தொட்டுப் பேசினார்கள், உங்களை யாரும் நெருங்கவில்லை. எனிட் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஒரு வீட்டில் இரண்டு மேசை போட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

கடைசி இரண்டு நாளும் நீங்கள் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். உங்களை உள்ளே விட வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். மன்னிக்காமலேயே போய்விட்டார் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரியும். அப்படியில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கை உடைத்தேன். "அம்மா, கார்ல தப்பு பண்ணது அப்பா இல்ல. அவர் பொய் சொன்னார்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அந்த ஒரு மாசமும் அவருக்கு ஷூ கயிறு கட்டிவிட்டது நான். வீட்ட விட்டு எங்கயும் போகல. பொய் சொல்றார்னு அவர் வாயத் திறந்ததுமே தெரியும்."

"அப்ப ஏம்மா பேசல?"

கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தார். அப்புறம் சொன்னதை, எனக்கு நினைவிருக்கிற வரை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"அந்தப் புதன்கெழம கீத் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்துச்சு. ஆறரைக்கு உங்க முத்தத்துக்கு வந்தேன். நீ மேல குழந்தையோட இருந்த. அவன் கையில ஜாக்கி இருந்துச்சு, மொய்ரா. 'ரெண்டு நிமிஷம்மா, இந்த முன்பக்கம் மட்டும் தூக்கி அடிச்சுட்டு வரேன், அப்பா திட்டுவார்' அப்படின்னான். நான்தான் சொன்னேன், 'அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், பாக்குற நேரம் முடிஞ்சு மணி அடிச்சுருவாங்க, அப்பா தனியா கெடப்பார், கைய கழுவிட்டு வா'ன்னு. ஜாக்கிய கீழ வெச்சுட்டு, சும்மா அப்படியே ரெண்டு அடி அடிச்சுட்டு வந்துட்டான். அது என்ன, எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அவர் அந்த ஞாயித்துக்கெழம சாப்பாட்டு மேசையில சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ, அதுலயே போயிடுச்சுன்னார். அந்த ஒரு தடவ நான்."

அவர் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திவைத்தேன்.

"அவர் முகத்தப் பாத்தா சொல்லிருவேன். சொன்னா, கீத்துக்காக அவர் சொன்ன பொய் என் தலையில பழியா வந்து விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சுரும். அந்த மனுஷன் அதத் தாங்க மாட்டார். அதான் மாடிக்குப் போயிட்டேன். நான் போன பெறகு சொல்லு. நான் உசுரோட இருக்கும்போது அவர் என்னைப் பாக்குற பார்வையில அது இருக்கக் கூடாது."

உங்களைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "அவர் இன்னும் பெஞ்சுலதான் இருக்காரா?" என்றார். இருக்கிறார் என்றேன். "சாப்பிட்டாரா?" என்றார். மறுநாள் மத்தியானம் போய்விட்டார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரியவில்லை. அந்த நிமிடமே கதவைத் திறந்து உங்களை உள்ளே இழுத்திருக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில் அப்படிச் செய்திருக்கிறேன். என் வீட்டில் செய்யவில்லை.

உங்கள் மொய்ரா


ஓட்லி
26 மே 1984

மொய்ரா கண்ணு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். உன் மேல் வருத்தமில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி செய்தாய்.

ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. உனக்கும் அது தெரியாது, நான் எழுதவில்லை. தேவைப்படும் என்று தோன்றவில்லை.

ஒரு சாயங்காலத்தில் மரை தேயாது. ஒரு தடவை ஜாக்கி வைக்காமல் அடித்தால் ஒன்றும் ஆகாது. அந்தப் பின் அப்படித் தேய ஆயிரக்கணக்கான மைல் ஆகும், ஒரு குளிர்காலம் முழுக்க வறண்டு ஓடியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்குப் பிறகு கீத் அடித்த ஒவ்வொரு தடவையும் தரையில் வைத்தே அடித்திருக்கிறான். மே மாதத்துக்குள் அது ஆயுள் முடிந்துபோன கிங்பின். அன்றைக்கு அவன் இரண்டு பக்கமும் தூக்கி, நிதானமாகக் கிரீஸ் அடித்து, துடைத்து, தேநீர் குடித்துவிட்டு வந்திருந்தாலும் ஜூனில் அது உருவிக்கொண்டுதான் வந்திருக்கும். எனிட் அவசரப்படுத்தியதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டிப்போவில் எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வான்.

ஒரே ஒரு தடவை என்று நான் அவளிடம் சொன்னது, பழி எனக்குச் சின்னதாக, கச்சிதமாகப் பொருந்த வேண்டும் என்பதற்காக. மாதக்கணக்கில் என்று சொன்னால் நம்பமாட்டாளே என்று கணக்குப் போட்டேன். அந்தச் சின்னப் பழி அவள் அளவுக்கு இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

அவள் மேலே கட்டிலில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கீழே உட்கார்ந்து, என்னை வெறுக்கிறாள், வெறுக்கட்டும், கீத் தப்பித்தான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் பதினாலு படி.

அந்தப் பின்னைப் பற்றி அவளிடம் சரியாகச் சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு ஒன்பது வாரம் இருந்தது.

அப்பா